அண்ணாச்சி, அலாய் வீல் என்ன விலை?

செகண்ட் ஹாண்டில் கார் வாங்கினவனுக்கு முதல் மாசம் தூக்கம் வராது. 'கடகட'ன்னு ஒரு சத்தம் கேட்குதே, அது இன்ஜினா, இல்லை டிக்கியில் உருளுகிற தேங்காயான்னு ராத்திரி பூரா யோசனை. ரெண்டாவது மாசம் தூக்கம் வந்துடும். மூணாவது மாசம் ஆசை வரும்.

எனக்கு வந்த ஆசை, அலாய் வீல்.

என் வண்டி 2013 மாடல் ஸ்விஃப்ட், வி.எக்ஸ்.ஐ. வெள்ளை கலர். 14 இன்ச் இரும்பு வீல், அதுக்கு மேலே பிளாஸ்டிக் வீல் கப். அந்தக் கப்பிலும் ஒண்ணு முத்தையாபுரம் பக்கம் எங்கேயோ கழண்டு உருண்டு போய், மூணு கப்பு ஒரு மொட்டைன்னு நின்னுட்டிருந்தது. அடியேன் தூத்துக்குடி பீச் ரோட்டில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் குப்பை கொட்டுகிறேன். பக்கத்து ஷிப்பிங் கம்பெனிப் பையன் தன் காரைக் கொண்டுவந்து என் கார் பக்கத்தில் நிறுத்துவான். அவன் வண்டி நாலு காலிலும் வெள்ளிக் கொலுசு போட்ட மாதிரி மினுங்கும். என் வண்டி, பட்டு வேட்டி கட்டிக்கிட்டு ரப்பர் செருப்போட கல்யாணத்துக்கு வந்த மாமா மாதிரி நிற்கும். எத்தனை நாள்தான் சார் பொறுத்துக்கிறது?

தீபாவளி போனஸ் வந்தது. கடைக்குப் போனேன். எந்தக் கடை, எந்த ஊர்னு கேட்காதீங்க.

"அண்ணாச்சி, அலாய் வீல் என்ன விலை?"

"என்ன வண்டி?"

"ஸ்விஃப்ட்."

"நாலு போல்ட்டுதானே? பேஷா சேரும்."

என் காருக்கு எடுத்த அளவு அவ்வளவுதான்! பேன்ட் தைக்கப் போனாக்கூட டெய்லர் டேப்பை எடுத்து இடுப்பைச் சுத்துவார். இங்கே அதுவும் இல்லை. பழைய வீல்தான், ஆனா பாலிஷ் போட்டு பளபளன்னு இருந்தது. அதே 14 இன்ச், அதனால் பழைய டயரையே மாட்டிக்கலாம். ஒரு வீலில் நாலுக்குப் பதில் எட்டு ஓட்டை. "நாலு எக்ஸ்ட்ராவா?"ன்னு கேட்டேன். "எல்லா வண்டிக்கும் சேரும் தம்பி"ன்னார். இலவசமா நாலு ஓட்டை கிடைச்ச சந்தோஷத்தில் 13,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். வீட்டில் ஏழாயிரம்னு சொன்னேன். (கல்யாணமானவர்களுக்கு இது புரியும். ஆகாதவர்கள் குறிச்சு வெச்சுக்குங்க.)

ஒரு வாரம் தெருவே என் வண்டியைத்தான் பார்த்தது. அதாவது, நான் அப்படி நினைச்சுக்கிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் தங்கச்சிக்கு வளைகாப்பு. அம்மா, மனைவி, நாலு வயசுப் பையன், மடியில் சீர்த்தட்டு, காலுக்கடியில் மக்ரூன் டப்பா. நாலுவழிச் சாலையில் ஏறினதும் 'ஆகா, இனிமே பார்'னு மிதிச்சேன். 80 தாண்டினதும் ஸ்டீயரிங் கையில் உதறுது. 70க்குக் குறைச்சா நிக்குது. திரும்ப 80, திரும்ப உதறல். "என்னடா, வண்டிக்குக் குளிர் ஜுரமா?"ன்னு அம்மா கேட்டாங்க. வாகைக்குளம் டோல்கேட் தாண்டி வல்லநாட்டு மலை தெரிகிற நேரத்தில் முன்பக்கமிருந்து 'டொக்... டொக்'னு ஒரு சத்தம். இது தேங்காய் இல்லைன்னு எனக்கே புரிஞ்சது.

ரோட்டோரம் ஒரு பஞ்சர் கடை. பெரியவர் ஒருத்தர் பீடியை அணைச்சுட்டு வந்து, முன் வீல் நட்டில் கையை வெச்சார். ஸ்பேனர் இல்லை சார், வெறும் கை! ரெண்டு நட்டு விரலாலேயே சுத்துச்சு.

"யாருவே இதை மாட்டுனது?"

"கடையில... ஒரு வாரம்தான் ஆச்சு அண்ணாச்சி."

"பிள்ளைய வேற பின்னாடி உக்கார வெச்சிருக்கீரு."

அதுக்கு மேலே அவர் திட்டலை. திட்டியிருந்தா பரவாயில்லை. ஜாக்கி போட்டு வீலைக் கழட்டி என்னைக் கிட்டே கூப்பிட்டார். அச்சோட நடுவில் வட்டமா ஒரு மேடு இருக்கும். வீலின் நடு ஓட்டை அதில் கச்சிதமா உட்காரணும். என் புது வீலை அவர் வெச்சுக் காட்டினப்போ, மேட்டுக்கும் ஓட்டைக்கும் நடுவில் சுத்தி விரல் நுழையுது. "குடத்து மேல அண்டா மூடியப் போட்ட மாதிரி இருக்கு பாரும்"னார். ஒவ்வொரு வீலா தூக்கி, நடுவாந்திரமா உட்கார வெச்சு, நட்டை எதிரும் புதிருமா முடுக்கிக் கொடுத்தார். "அம்பதுக்கு மேல போவாதீரும். வீட்டுக்குப் போயி பழைய வீல மாட்டிரும்." வளைகாப்புக்கு நாங்க போனப்போ பந்தியில் கடைசி வரிசை.

மறுநாளே இரும்பு வீலுக்குத் திரும்பிட்டேன். அப்புறம் நாலு மாசம் விஷயம் தெரிஞ்சவங்களை ஒவ்வொருத்தரா நச்சரிச்சு நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

எங்க ஊரில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் (அரசாங்கம் கடைசியாக நடத்தியது 1961ல்) முத்தைக் கண்ணால் பார்த்து விலை சொல்ல மாட்டாங்க. பித்தளைச் சல்லடை பத்து இருக்கும். முதல் சல்லடையில் 20 ஓட்டை, அடுத்ததில் 30, அப்புறம் 50... இப்படியே 1000 ஓட்டை வரைக்கும். இருபது ஓட்டைச் சல்லடையில் விழாமல் தங்குவது பெரிய முத்து. அதுக்கப்புறம்தான் உருட்சி, ஒளி, ஆணிமுத்தா இல்லையா என்ற பேச்செல்லாம். முதலில் சல்லடை, அப்புறம் அழகு. நான் செஞ்சது தலைகீழ்.

வீலுக்கும் சல்லடை இருக்கு. முதலாவது பி.சி.டி. போல்ட் ஓட்டைகளோட மையம் வழியா ஒரு வட்டம் போட்டா அதோட விட்டம். ஸ்விஃப்டுக்கு நாலு போல்ட், 100 மில்லிமீட்டர். பழைய மாருதி 800க்கும் நாலு போல்ட்தான், ஆனா 114.3. ரெண்டையும் சமாளிக்கத்தான் அந்த எட்டு ஓட்டை. தப்பில்லை, ஆனா 'எல்லாருக்கும் சேரும்'ங்கிற சட்டை யாருக்கும் சரியா சேராதுங்கிறது உங்களுக்குத் தெரியும்.

ரெண்டாவது, பெரியவர் காட்டின நடு ஓட்டை. சென்டர் போர்னு பேர். ஸ்விஃப்டில் 54.1 மில்லிமீட்டர். வெளிக் கம்பெனி வீல்கள் பல கார்களுக்கும் பொருந்தணும்னு பெரிய ஓட்டையோட வரும், 73.1 கூட இருக்கும். நடுவில் இருக்கிற இடைவெளியை அடைக்க ஒரு வளையம் போடணும். ஹப் ரிங், ஸ்பிகாட் ரிங்னு கேட்டு வாங்கலாம். வீலோட பார்க்கும்போது அதன் விலை ஒண்ணுமே இல்லை. எனக்கு அதைப் போடலை. போட்டிருந்தா வீல் தானா நடுவில் உட்கார்ந்திருக்கும், உதறல் வந்திருக்காது. அத்தோட, புது வீல் மாட்டினா ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடினதும் நட்டை ஒரு தடவை முடுக்கிப் பார்க்கணும். அதையும் யாரும் சொல்லலை, நானும் கேட்கலை.

மூணாவது, ஆஃப்செட். வீலின் உள்பக்கம் 'ஈ.டி.'ன்னு போட்டு ஒரு நம்பர் இருக்கும். கம்பெனி வீலில் 45ன்னு இருந்து, நீங்க 25 வாங்கினா வீல் 20 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும். பார்க்க ஜோர்தான். ஆனா வீல் பேரிங்குக்கு சுமை கூடும், மழையில் சேறு கதவெல்லாம் கோலம் போடும், ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சா டயர் உரசும்.

அடுத்தது டயர். எல்லாரும் கோட்டை விடுற இடம் இதுதான். 15 இன்ச் வீல் வாங்கினா 14 இன்ச் டயர் அதில் ஏறாது. வீல் விலை மட்டும் கேட்டுட்டு வந்து, டயர் விலை கேட்டதும் மயங்கி விழுந்த நண்பர்கள் எனக்கு உண்டு. அளவிலும் கணக்கு இருக்கு. என் வண்டியோட 165/80 ஆர் 14 டயரின் முழு உயரம் சுமார் 620 மில்லிமீட்டர். அதே மாடலில் ஒசத்தி ரகமான இசட்.எக்ஸ்.ஐ.க்கு கம்பெனியே கொடுத்தது 185/65 ஆர் 15. அது சுமார் 621.5. வித்தியாசம் அரிசி மணி அளவுதான். ஆபீஸில் ஒருத்தன் 'லோ புரொஃபைல்தான் ஸ்டைல்'னு 195/50 ஆர் 15 போடச் சொன்னான். போட்டா உயரம் 576! வண்டி 22 மில்லிமீட்டர் இறங்கிடும். எங்க ஊர் ஸ்பீடு பிரேக்கர்களைப் பார்த்திருக்கீங்களா? அடிவயிறு உரசாமல் தாண்டவே முடியாது. அதோட நூறு கிலோமீட்டர் ஓடினா மீட்டர் நூத்தியேழுன்னு காட்டும். வண்டியை விற்கும்போது நம்ம தலையில் நாமே ஏத்திக்கிட்ட கிலோமீட்டர்.

'அலாய்னா லேசு, மைலேஜ் கூடும்'னு ஒரு நம்பிக்கை உண்டு. நல்ல வீல் லேசுதான். மலிவா வார்த்தெடுத்தது இரும்பை விட கனமாவே இருக்கும். இரும்பு வீல் பள்ளத்தில் விழுந்தா நெளியும், பட்டறையில் தட்டி எடுத்துடலாம். அலாய் விரிசல் விடும். விரிசலை வெல்டு வெச்சு, பெயின்ட் அடிச்சு விற்கிற புண்ணியவான்களும் இருக்காங்க. பழசு வாங்கினா வீலோட உள்பக்கத்தைத் தடவிப் பாருங்க, பேலன்சிங் மிஷினில் சுத்தவிட்டு ஆட்டம் இருக்கான்னு பாருங்க. புதுசுன்னா ஐ.எஸ்.ஐ. முத்திரை. வீல் ரிம்முக்கு அது கட்டாயம்னு மத்திய அரசு 2020ல் ஆணையே போட்டது. பெரிய மாற்றம் செஞ்சா இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு வரி எழுதிப் போடுறதும் நல்லது. க்ளெயிம் பண்ணுற அன்னிக்கு 'இது எங்க வீலே இல்லையே'ன்னு கையை விரிச்சா என்ன பண்றது?

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். எங்க ஊருக்குன்னு தனியா ஒண்ணு இருக்கு. உப்பு!

கொலுசுக் கார் பையனை ஞாபகம் இருக்கா? ரெண்டு வருஷம் போச்சு. ஒருநாள் குனிஞ்சு பார்த்தேன். வீலோட மினுமினுப்புக்கு அடியில் வெள்ளை வெள்ளையா புழு ஊர்ந்த மாதிரி கோடு. அவன் வீல் முகத்தைக் கடைஞ்சு, அலுமினியம் தெரிய மேலே வார்னிஷ் மட்டும் பூசின ரகம். ஒரு கல் தெறிச்சு வார்னிஷில் பொட்டு விழுந்தா போதும், உப்புக் காத்து உள்ளே புகுந்து அலுமினியத்தை அரிச்சுக்கிட்டே போகும். வண்டி நிற்கிறது பழைய துறைமுகத்துக்கு எதிரே, ஓடுறது உப்பு லாரிக்குப் பின்னாலே. வேற என்ன ஆகும்? முழுசும் பெயின்ட் அடிச்ச வெள்ளி நிற வீலோ, கறுப்போ இவ்வளவு சீக்கிரம் போகாது. குரோம் பூசினது பக்கமே போகாதீங்க.

நல்ல தண்ணியில் அடிக்கடி கழுவணும்னு சொல்றாங்க. எங்க ஏரியா போர் தண்ணியே கரிப்பு. அதில் கழுவினா உப்பை உப்பால் கழுவுற கதைதான். 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் கம்பெனி எங்க ஊரில் கார் தொழிற்சாலையே திறந்தாச்சு. கார் செய்யத் தெரிஞ்ச ஊரில், கார் கழுவ நான் ஒரு குடம் குழாய்த் தண்ணிக்கு மனைவியிடம் மனு போட வேண்டியிருக்கு.

கடைசியில் நான் என்ன வாங்கினேன்? திருநெல்வேலியில் ஒருத்தர் தன் இசட்.எக்ஸ்.ஐ.க்கு 16 இன்ச் மாத்தினார். அதிலிருந்து கழட்டின கம்பெனி அலாய், 15 இன்ச், முழுசும் பெயின்ட் அடிச்சது, பாதி தேய்ஞ்ச டயரோட இருபத்தி நாலாயிரம். அதே பி.சி.டி., அதே நடு ஓட்டை. வளையமும் வேண்டாம், வம்பும் வேண்டாம். பழைய 14 இன்ச் ஸ்டெப்னியே அவசரத்துக்கு உயரத்தில் ஒத்துப்போகும். மிஷினில் சுத்தவிட்டுப் பார்த்துத்தான் பணம் கொடுத்தேன். ஸ்டைலா? சுமார்தான். தெரு திரும்பிப் பார்க்கலை.

வீட்டுக்கு வரும் வழியில் வல்லநாட்டுப் பக்கம் பெரியவர் கடையில் நிறுத்தினேன். வீலைப் பார்க்காமல் நேரா குனிஞ்சு நட்டில் கை வெச்சுப் பார்த்தார். "ம். போரும்"னார்.

அந்த எட்டு ஓட்டை வீல்கள்? திரும்ப விற்க மனசு வரலை. யார் தலையில் கட்டுறது? மொட்டை மாடியில் வடகம் காயப்போடும்போது துணி காத்தில் பறக்காமல் இருக்க நாலு மூலைக்கும் நாலு வெயிட். போன வாரம் மனைவி ஒரு வீலை நகர்த்திக்கிட்டே, "இதுக்குப் போயி ஏழாயிரம் அழுதிருக்கீங்களே"ன்னாள்.

நான் வடகத்தைத் திருப்பிப் போட ஆரம்பிச்சுட்டேன்.