வயிறு அறிவோம் – 9: ஃபார்மலினில் காணாமல் போன சளி

பெருங்குடலில் பல லட்சம் கோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்தக் கூட்டத்துக்கும் நம் ரத்தக் குழாய்களுக்கும் நடுவே இருப்பது ஒரே ஓர் அடுக்கு செல்கள். அப்படியிருந்தும் நமக்கு ஏன் தினமும் குடல் புண்ணாவதில்லை? காரணம், செல்களுக்கு மேல் படிந்திருக்கும் சளிப்படலம். அந்தப் படலத்தின் அமைப்பு 2008-இல்தான் தெளிவானது.

இவ்வளவு தாமதமானதற்கு ஃபார்மலினுக்கும் பங்கு உண்டு. கொலனோஸ்கோபியில் கிள்ளி எடுக்கும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் சதைத் துண்டு நேராக ஃபார்மலின் பாட்டிலுக்குள் போகும். செல்களைக் கெடாமல் வைப்பதில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் சளியில் பெரும்பகுதி தண்ணீர். ஃபார்மலினில் அது சுருங்கிக் கலைந்துவிடும். பிறகு மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றிப் பார்த்தால் பாக்டீரியாக்கள் செல்களை ஒட்டியே இருப்பதாகத் தோன்றும்.

ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் மாலின் யோஹான்சன், குன்னர் ஹான்சன் குழுவினர் தண்ணீர் கலக்காத கார்னாய் கரைசலை எடுத்துக்கொண்டார்கள். ஆல்கஹால், குளோரோஃபார்ம், அசெட்டிக் அமிலம் சேர்ந்த அது 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அதில் போட்ட சுண்டெலிக் குடலில் சளி அப்படியே நின்றது. அதுவும் இரண்டு அடுக்காக! வெளி அடுக்கு தளர்வானது, பாக்டீரியாக்கள் நிறைந்தது. செல்களை ஒட்டிய உள் அடுக்கு சுமார் 50 மைக்ரோமீட்டர்தான். அதில் பாக்டீரியாவே இல்லை. மனிதர்களுக்கு இந்த அடுக்கு இன்னும் தடிமன்.

இதை நெய்வது ‘மக்-2’ என்ற மியூசின் புரதம். ஐயாயிரத்துக்கும் அதிகமான அமினோ அமிலங்கள் கொண்டது. எடையில் சுமார் 80 சதவீதம் அதன்மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரை. சளியைச் சுரக்கும் கோப்பை செல்கள் இதை இறுக்கி மடித்து வைத்திருக்கும். வெளியே விட்டதும், தண்ணீரில் போட்ட சப்ஜா விதை மாதிரி பல மடங்கு உப்பி, வலையாக விரியும். அந்த வலைக்கண்ணில் பாக்டீரியா நுழைய முடியாது.

மக்-2 இல்லாத சுண்டெலிகளுக்கு வேறெதுவும் செய்யாமலே பெருங்குடல் அழற்சி வந்ததை 2006-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். மனிதர்களில் விஷயம் அவ்வளவு நேரடியானதல்ல. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்ற பெருங்குடல் அழற்சி நோயில் கோப்பை செல்கள் குறைகின்றன, படலம் மெலிகிறது. இன்னொரு குடல் அழற்சி நோயான க்ரோன்ஸ் நோயில் அப்படி மெலிவதில்லை. அப்படியானால் சளி கெட்டதால் அழற்சி வந்ததா, அழற்சியால் சளி கெட்டதா? 2019-இல் கோதன்பர்க் குழு வெளியிட்ட ஆய்வில், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் தணிந்திருந்த சிலரிடமும் படலம் பலவீனமாகவே இருந்தது. முதல் பக்கத்துக்கு வலுச் சேர்க்கும் சான்று இது. என் ஓட்டும் அந்தப் பக்கம்தான், ஆனால் வழக்கு இன்னும் முடியவில்லை.

உணவுக்கும் பங்கு உண்டு. மனிதக் குடலிலிருந்து எடுத்த 14 வகை பாக்டீரியாக்களை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வகத்தில் சுண்டெலிகளுக்குள் குடியேற்றினார்கள். தீனியில் நார்ச்சத்தை நிறுத்தியதும் அவை சளியின் சர்க்கரையைத் தின்னத் தொடங்கின, படலம் மெலிந்தது. இது 2016-இல் வெளியானது. இதைப் படித்துவிட்டு, நோய் முற்றியிருக்கும்போது, குறிப்பாக க்ரோன்ஸ் நோயால் குடல் சுருங்கியவர்கள், கிண்ணம் கிண்ணமாக நார்ச்சத்தை ஏற்றக் கூடாது. அடைப்பில் கொண்டுபோய் விடும்.

‘குடல் ஓட்டையை அடைக்கும்’ என்று விற்கும் பவுடர்களை நம்பிக் காசைக் கரைக்க வேண்டாம். சளிப்படலத்தைத் திரும்ப நெய்து தரும் மருந்து இன்றுவரை கைக்கு வரவில்லை. மெசலமைன், ஸ்டீராய்டு போன்றவை அழற்சியைத்தான் அடக்குகின்றன. அழற்சி அடங்கினால் படலம் தேற வழி பிறக்கும். அதனால், உடம்பு தேறியதுபோல் தெரிந்ததும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மலத்தோடு ரத்தமும் சீதமும் வாரக்கணக்கில் போனால், ‘சூடு’, ‘மூலம்’ என்று நீங்களே முடிவுகட்டிக் கடையில் மாத்திரை வாங்க வேண்டாம். நம் நாட்டில் அமீபாவும் இருக்கிறது. க்ரோன்ஸ் நோய்போலவே தோன்றும் குடல் காசநோயும் இருக்கிறது. எது என்று தெரிய மலப் பரிசோதனை, கொலனோஸ்கோபி, பயாப்ஸி வேண்டும். குடல் நோய் மருத்துவரைப் பாருங்கள்.

(தொடரும்)