மாத்திரையை நிறுத்தாமலே பல் பிடுங்கலாம்

"ரத்தம் நிக்காதுன்னாங்க சார், அதான் நாலு நாளா மாத்திரை போடலை." ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களும் வால்வு மாற்றியவர்களும் பல் பிடுங்க வரும்போது சொல்கிற வாடிக்கையான பதில் இது. யோசனை பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்கும். சில சமயம், வருத்தத்தோடு சொல்கிறேன், பல் டாக்டருடையதாகவே இருக்கும்.

பல் எடுத்த குழியில் கசியும் ரத்தம் கண்ணுக்குத் தெரியும். பஞ்சைக் கடித்துக்கொண்டால், மீறினால் ஒரு தையல் போட்டால், ட்ரானெக்சாமிக் அமிலத்தில் நனைத்த துணியை வைத்து அழுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். ஸ்டென்ட்டுக்குள்ளோ செயற்கை வால்விலோ உறையும் ரத்தம் அப்படித் தெரியாது. மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ வந்துதான் தெரியும். மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்த முதல் ஓராண்டில் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் நிறுத்தாதீர்கள் என்று அமெரிக்காவின் இதய, பல் மருத்துவச் சங்கங்கள் 2007-லேயே சேர்ந்து எச்சரித்தன. வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் முந்தின நாள், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்துக்கொள்ள வேண்டும். 3.5-க்குள் இருந்தால் ஒன்றிரண்டு பற்களை மாத்திரையை நிறுத்தாமலே எடுக்கலாம்.

உண்மையான வம்பு வீட்டுக்குப் போனபின் தொடங்கலாம். பல்வலிச் சீட்டில் தவறாமல் இடம்பிடிக்கும் மெட்ரோனிடசோல், வார்ஃபரினோடு சேர்ந்தால் சில நாட்களில் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் ரத்தக்கசிவைக் கூட்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

செயற்கை வால்வு உள்ளவர்கள், முன்பே இதய உள்ளுறையில் கிருமித்தொற்று வந்தவர்கள், சில பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு, இதயத்தில் கிருமி தொற்றாமலிருக்க, பல் சிகிச்சைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன் 2 கிராம் அமாக்சிசிலின் தருவது வழக்கம். ஸ்டென்ட், பைபாஸ்காரர்களுக்கு அது தேவையில்லை. மூட்டுவாதக் காய்ச்சலுக்காக மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடுகிறவர்கள் அதைச் சொல்லியாக வேண்டும். அவர்களுக்கு வேறு வகை மருந்து.

மரத்துப்போகும் ஊசியில் அட்ரினலின் இருக்கிறதே என்ற பயமும் உண்டு. அளவாக, மெதுவாகப் போட்டால் பெரும்பாலோருக்குப் பாதகமில்லை. சரியாக மரக்காமல் வலித்தால் உடம்பே அதைவிட அதிகமாகச் சுரந்துவிடும்.

மாரடைப்பு வந்து சில வாரங்களே ஆனவர்கள் அவசரமில்லாத பல் வேலையை இதய மருத்துவரைக் கேட்டுத் தள்ளிப்போடலாம். மாடிப்படி ஏறும்போது வந்து, உட்கார்ந்தால் விட்டுப்போகிற கீழ்த்தாடை வலியோடு பல் டாக்டரிடம் போகாதீர்கள். அது இதயத்திலிருந்து வரும் வலியாக இருக்கலாம். அன்றைக்கே ஈ.சி.ஜி. எடுக்கப் போங்கள்.