மன அழுத்தத்திற்கு மாத்திரை மட்டுந்தானா மருந்து?

இரவில் உறக்கம் வருவதில்லை, நெஞ்சு படபடக்கின்றது, தலை கனக்கின்றது என்று கூறி மருந்துக்கடைகளில் 'நித்திரைக் குளிசை' கேட்போரை எமது நகரங்களில் சாதாரணமாகவே காணலாம். வைத்தியரின் மருந்துச் சீட்டின்றி விற்கப்படக்கூடாதவை இவை. ஆயினும் அயலவர் மிச்சம் வைத்திருந்ததை வாங்கி விழுங்குவதும், தாய்க்கு எழுதிக் கொடுக்கப்பட்டதைப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை எடுத்துக் கொள்வதும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. டயசிபாம் போன்ற மாத்திரைகள் சில நாட்களுக்கு ஆறுதல் தரும். வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ உடல் அவற்றுக்குப் பழகி, அவையின்றி உறங்க முடியாத நிலை உருவாகிவிடும். எனவே, மருந்தின்றி மன அழுத்தத்தையும் பதற்றத்தையும் எவ்வளவு தூரத்திற்குத் தணிக்க முடியும் என்பதை ஆராய்வது பொருத்தமானது என நாம் கருதுகின்றோம்.

பதற்றம் என்பது அடிப்படையில் நோயல்ல. வழியில் பாம்பைக் கண்டவனின் இதயம் வேகமாகத் துடிப்பதும், மூச்சு இரைப்பதும், தசைகள் இறுகுவதும் ஓடித் தப்புவதற்கு உடல் செய்துகொள்ளும் ஆயத்தமேயாகும். அட்ரினலின், கோர்ட்டிசோல் ஆகிய சுரப்புகள் இதனை நடத்துகின்றன. பாம்பு விலகியதும் உடலும் அமைதியடைந்துவிடும். ஆனால் வங்கியிலிருந்து வந்த கடிதமும், பிள்ளையின் பெறுபேறும், கடலுக்குச் சென்று திரும்பாத கணவனும் அவ்வாறு விலகிவிடுவதில்லை. வேறுபட்ட துன்பங்களுக்கு ஆளான விலங்குகளின் உடலில் ஒரே வகையான மாற்றங்கள் தோன்றுவதையும், துன்பம் நீடித்தால் உடலின் தாங்குதிறன் தேய்ந்து போவதையும் கனடாவில் பணியாற்றிய ஹான்ஸ் செலி 1936 ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். மன அழுத்தம் பற்றிய இன்றைய ஆய்வுகளுக்கு அது ஒரு தொடக்கமாக அமைந்தது.

இதயத்தை மெதுவாகத் துடி என்று எவராலும் கட்டளையிட முடியாது. மூச்சு அப்படியல்ல. தானாகவும் நடக்கும், நாம் விரும்பியவாறும் நடக்கும். மூச்சை வெளிவிடும்போது வேகசு நரம்பின் வழியாக இதயத் துடிப்பு சற்றுத் தணிகின்றது. ஆகவே உள்ளிழுப்பதை விட வெளிவிடுவதை நீட்டினால் உடல் தானே அடங்கத் தொடங்கும். நிமிர்ந்து அமர்ந்து, வயிற்றின் மீது கையை வைத்து, நான்கு எண்ணும் வரை மூக்கினால் இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுவது போதுமானது. பத்து நிமிடங்கள் செய்தால் மாற்றம் தெரியும். பதற்றம் உச்சத்தில் இருக்கும் வேளையில்தான் முதன்முதலாக முயன்று பார்ப்பேன் என்றிருத்தல் தவறு. அமைதியான நாட்களில் பழகியவர்களுக்கே அது அவசரத்தில் கைகொடுக்கும்.

இவ்விடத்தில் 2001 ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வைக் குறிப்பிடுவது பயனுள்ளது. கத்தோலிக்கரின் செபமாலையை இலத்தீன் மொழியில் ஓதியபோதும், யோக மந்திரமொன்றை உச்சரித்தபோதும், ஓதியவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு முறையாகக் குறைந்ததை அவ்வாய்வு கண்டறிந்தது. வளர்ந்தவர்கள் சாதாரணமாக நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது தடவைகள் மூச்சு விடுகின்றனர் என்பதை இதனுடன் ஒப்பிட்டு நோக்க வேண்டும்.

எமது மண்ணில் இது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், தம்மிடம் வந்தவர்களுக்கு அவரவர் சமயத்திலிருந்தே தளர்வுப் பயிற்சியைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தார். இந்துக்களுக்கு மந்திர ஜெபம், முஸ்லிம்களுக்கு திக்ர், கத்தோலிக்கருக்குச் செபமாலை என அது அமைந்தது. யோகாசனம் என்றதும் தமது மார்க்கத்துக்கு ஒவ்வாததோ எனத் தயங்கும் முஸ்லிம் வாசகர்களும், கட்டணம் செலுத்தித் தியான வகுப்புக்குச் செல்ல வசதியற்றவர்களும் இதனைக் கவனத்திற் கொள்ளலாம். தஸ்பீஹ் மணியும் உருத்திராக்க மாலையும் வீட்டிலேயே இருக்கின்றன. ஆனால் எண்ணிக்கையை முடிக்கும் அவசரத்தில் ஓட்டமாக ஓதுவதால் மூச்சு நீளாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நடையும் அவ்வாறே. பாய்ந்தோட ஆயத்தமான உடலுக்கு அசைவு கொடுத்தால் இறுக்கம் கழியும். வாரத்தில் ஐந்து நாட்கள் அரை மணி நேரம் வேகமாக நடப்பது போதுமானது. பெண்கள் காலையில் வீதியில் நடந்தால் வினோதமாகப் பார்க்கும் ஊர்கள் இன்னமும் உள்ளன. அதற்கு வைத்தியம் தேவைப்படுவது பார்ப்பவர்களுக்கே. தேநீரைப் பொறுத்தவரை, பிற்பகலில் அருந்தும் தேநீரிலுள்ள கஃபீனில் பாதியளவு ஐந்து மணித்தியாலங்களின் பின்னரும் உடலில் தங்கியிருக்கும் என்பதை உறக்கமின்றித் தவிப்போர் அறிந்திருத்தல் நன்று. சாராயம் உறக்கத்தை வரவழைத்து நடுநிசியில் கலைத்துவிடும். வல்லாரைச் சம்பல் உண்பதற்கு நல்லது. அதனையே போத்தலில் அடைத்து, 'இயற்கை' என்ற சொல்லை ஒட்டிப் பெருந்தொகைக்கு விற்பவர்களிடம் எச்சரிக்கை தேவை.

இவை அனைத்தையும் விட வலிமையானது மனிதத் துணையாகும். செத்தவீட்டில் அடுப்பு எரிவதில்லை; அயலவர் சோறு கொண்டு வருவர். எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று உறவுகள் மீண்டும் மீண்டும் கூடுகின்றன. ஜனாஸா வீட்டில் மூன்று நாட்கள் ஆறுதல் கூறுவோர் வந்துபோகின்றனர். துயரம் தனிமையில் புழுங்காமல், கட்டங் கட்டமாகத் தணிவதற்கு எம் முன்னோர் கண்ட ஏற்பாடுகள் இவை. இவை மறுக்கப்படும்போது நேர்வதையும் நாம் கண்டோம். 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை கொவிட் தொற்றினால் இறந்தோரின் உடல்களைக் கட்டாயமாக எரிக்க வேண்டுமென அரசு விதித்தமையால், ஜனாஸாவை அடக்க முடியாத குடும்பங்களின் வேதனை இலகுவில் ஆறக்கூடியதன்று. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருக்கோ எந்தச் சடங்கைச் செய்வதென்றே தெரியாது. இருக்கிறானா இல்லையா என அறியாதவள் எவ்வாறு அந்தியேட்டி செய்வாள்? அவர்களிடம் சென்று மூச்சுப் பயிற்சியைப் பற்றி மாத்திரம் பேசுவது கொடுமையாகும். அவர்களுக்கு வேண்டியது உண்மை.

அதேபோல், 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் சேமிப்பை இழந்தவரின் கவலையும், நுண்கடன் தவணைக்காக வாசலில் வந்து நிற்போரை எதிர்கொள்ளும் பெண்ணின் பதற்றமும் நியாயமானவையே. காரணம் வெளியே இருக்கும்போது குறையை அவர்களின் மனத்தில் தேடக்கூடாது. பயிற்சிகள் அவர்களுக்குத் தெளிவாகச் சிந்திக்கச் சற்று அவகாசம் தரும், கடனைத் தீர்க்கமாட்டா.

இறுதியாக ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்தை இக்கட்டுரையை வாசித்துவிட்டு எவரும் நிறுத்திவிடலாகாது. டயசிபாம் போன்றவற்றை நீண்டகாலம் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் வலிப்புக்கூட ஏற்படலாம். வைத்தியரின் மேற்பார்வையில் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேலாகத் துயரம் நீங்காது, உணவிலும் தொழிலிலும் நாட்டமற்று, வாழ்ந்தென்ன பயன் என்ற எண்ணம் தலைதூக்குமாயின் அது பயிற்சியால் மட்டும் சமாளிக்கக்கூடிய கட்டத்தைக் கடந்துவிட்டது. 'விசர்' என்று ஊர் சொல்லிவிடுமோ என அஞ்சி அதனை மறைக்காது, அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாட வேண்டும். அவ்வளவு தூரம் செல்ல இயலாதவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைத்துப் பேசலாம்.