உதகையின் ஜனவரியும் குஸ்கோவின் ஜூலையும்

சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரி சொச்சத்தில் இருக்கிறது. பெரு நாட்டின் குஸ்கோ நகரம் தெற்கே ஏறக்குறைய அதே 13 டிகிரி சொச்சத்தில் இருக்கிறது. ஒன்று கரும்பும் மாமரமும் நிற்கும் செம்மண் பூமி. மற்றது ஆண்டிஸ் மலைத்தொடரில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் பழைய இன்கா தலைநகரம். 1533இல் அதைப் பிடித்த ஸ்பானியர்கள், இன்கா கோயில்களின் கற்சுவர்களையே அடித்தளமாக வைத்து மேலே தேவாலயங்களை எழுப்பினார்கள். இன்று அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் ஜூன், ஜூலையில்தான் போகிறார்கள். அது அந்த ஊரின் குளிர்காலம். மழையே இருக்காது, வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். விடியற்காலையில் புல்லில் உறைபனி பூத்திருக்கும். வெப்பமண்டலத்தில் இருந்துகொண்டு ஒரு ஊர் எப்படி உறைகிறது என்று கேட்டால் எல்லாரும் சட்டென்று சொல்லும் பதில், உயரம். அந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள ஆண்டிஸ்வரை போகத் தேவையில்லை, நீலகிரி போதும்.

உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அது வெள்ளைக்காரர் கட்டிய ஊர். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார். அடுத்த சில ஆண்டுகளில் கல் பங்களா, ஏரி, தோட்டம் என்று ஊர் வளர்ந்தது. பிறகு அது சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகரமாகவும் ஆனது. ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிவரை உதகை உறைபனிப் படங்கள் நாளிதழ்களில் வரும். குதிரைப் பந்தய மைதானத்துப் புல் உப்புப் பாத்தி போல் வெளுத்துக் கிடக்கும். வாசலில் நிறுத்திய கார்களின் கண்ணாடியில் ஐஸ் படிந்திருக்கும். தாவரவியல் பூங்காவில் அலங்காரச் செடிகளுக்கு மேல் மிலார் செடிகளைப் பரப்பி மூடி வைத்திருப்பார்கள். அந்த மூடலில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. குளிர்ந்த காற்றுதான் செடியைக் கருக்குகிறது என்றால், நாலு பக்கமும் காற்று புகும் அந்தத் தழை மூடலால் என்ன பயன்? ஆனால் பயன் இருக்கிறது. மூடியிருக்கும் செடி பிழைக்கிறது, மூடாதது கருகுகிறது. ஆகவே செடி தன் சூட்டை இழப்பது பக்கவாட்டில் இருக்கும் காற்றிடம் மட்டும் அல்ல. தலைக்கு மேல் திறந்து கிடக்கும் வானத்திடம்.

முதலில் உயரத்தின் கணக்கைப் பார்த்துவிடலாம். வெதுருகுப்பம் இருக்கும் அதே வட்டாரத்தில், திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே காதங்கியில், தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் இருக்கிறது. 1,024 ஆன்டெனாக்களை வரிசையாக நட்டு, 53 மெகாஹெர்ட்ஸ் ரேடாரால் மேலே ஓடும் காற்றை அளக்கும் இடம் அது. கருவிகளைக் கட்டிப் பலூன்களையும் அங்கிருந்து பறக்கவிடுகிறார்கள். இப்படிப்பட்ட பலூன்கள் தென்னிந்திய வானில் எழுதிவைத்த கணக்கின்படி, வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடுவது கடல்மட்டத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில்தான். குளிர்காலத்திலும் அது பெரிதாகக் கீழே இறங்குவதில்லை. உதகை அதற்கும் இரண்டே முக்கால் கிலோமீட்டர் கீழே இருக்கிறது. கிலோமீட்டருக்கு 6 டிகிரி என்று தோராயமாக வைத்தாலும், அந்த மட்டத்துத் திறந்தவெளிக் காற்று 10 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். குஸ்கோவுக்கும் இதே கணக்கைப் போட்டால் 9, 10 டிகிரி வருகிறது. உயரம் மட்டுமே காரணமாக இருந்தால் இரண்டு ஊரிலும் ஒரு புல்கூட உறையக் கூடாது. ஐஸ் மேலிருந்து இறங்கி வரவில்லை; அது புல்லின் மேலேயே உண்டாகிறது.

எப்படி? சூடுள்ள எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாகத் தன் சூட்டை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். தரையும் அப்படித்தான். பகலில் சூரியன் அந்தச் செலவுக்கு மேல் வரவு வைக்கிறது. இரவில் வரவு நின்றுவிடும். அப்போது தரைக்குத் திரும்பக் கிடைப்பது, மேகமும் காற்றில் கரைந்திருக்கும் நீராவியும் கீழ்நோக்கி அனுப்பும் கதிர்கள்தான். கரியமில வாயுவும் கொஞ்சம் அனுப்புகிறது, ஆனால் இரவுக்கு இரவு மாறுவது நீராவி. வானம் ஈரமாக இருந்தால் தரை இழந்ததில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். வானம் காய்ந்திருந்தால் சதுர மீட்டருக்கு 70, 80 வாட் என்று இரவு முழுக்க நட்டம்தான். இங்கே உயரத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நீராவி கீழ்மட்டத்தில்தான் திரண்டிருக்கிறது. உதகை மட்டத்துக்கு ஏறியதும், தலைக்கு மேல் மிச்சமிருப்பது தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு அதுவும் குறைகிறது. இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ஈரக் காற்றில் தரை கொஞ்சம் குளிர்ந்ததுமே நீர்ப்பனி படியத் தொடங்கும். நீராவி நீராக மாறும்போது சூடு வெளிப்படும். அது குளிரை மேலும் இறங்கவிடாமல் தடுக்கும். வறண்ட காற்றில் அந்தத் தடுப்பு வருவதற்குள் புல் பூஜ்யத்தைத் தாண்டிவிடுகிறது. ஆளுயரத்தில் தொங்கும் வெப்பமானி 2, 3 டிகிரி காட்டிக்கொண்டிருக்கும்போதே காலடிப் புல் உறைந்து கிடப்பது இதனால்தான்.

பனி மேலிருந்து பெய்கிறது என்ற எண்ணம் நம் ஊரில் மட்டும் இருந்ததல்ல. அதை முறையாகச் சோதித்தவர் லண்டன் மருத்துவர் வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ். இருபுறமும் திறந்த சுட்ட மண் குழாய் ஒன்றைப் புல்வெளியில் நிமிர்த்தி வைத்தார். அதற்குள் ஒரு கம்பளி மயிர்க் கொத்தையும் வெளியே அதே எடையில் இன்னொரு கொத்தையும் போட்டார். பனி மழைபோல் விழுவதானால் இரண்டும் ஒரே அளவு நனைய வேண்டும். குழாய்க்குள் இருந்தது கொஞ்சமே நனைந்தது, ஏனென்றால் அதற்குத் தெரிந்த வானம் சின்ன வட்டம். 1814இல் அவர் வெளியிட்ட நூலில் இந்தியாவும் வருகிறது. வங்காளத்திலும் அலகாபாத்திலும் குளிர்கால இரவுகளில் ஐஸ் செய்தவர்களைப் பற்றி ராபர்ட் பார்க்கர் என்பவர் 1775இலேயே எழுதியிருந்தார். தரையில் ஆழமில்லாத பள்ளம் வெட்டி, காய்ந்த கரும்புத் தட்டையோ சோளத் தட்டையோ பரப்பி, அதன்மேல் மெல்லிய மண் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். விடிவதற்குள் அது உறைந்துவிடும். அடியில் இருக்கும் தட்டை மண்ணின் சூடு ஏறாமல் தடுத்தது. மேலே திறந்த வானம் சூட்டை வாங்கிக்கொண்டது. அலகாபாத் கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டர் அளவுதான் உயரம். மலை இல்லாமலே ஐஸ் கிடைத்தது. வறண்ட, தெளிந்த, காற்றசையாத இரவு இருந்தால் போதும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. அதே காலத்துச் சென்னையில் இந்த வித்தை பலிக்கவில்லை. கடலோரக் காற்று ஜனவரியிலும் ஈரமானது. பின்னாளில் அங்கே அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஐஸ் கட்டி வந்திறங்கியது. அதை வைக்க 1840களில் கட்டிய கட்டடம்தான் மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ்.

வறட்சிதான் காரணம் என்றால், வறட்சிக்குப் பேர்போன ராயலசீமையில் ஏன் உறைபனி இல்லை? மதனப்பள்ளிக்கு அருகே ஹார்ஸ்லி மலை 1,265 மீட்டர் உயரம். கடப்பை கலெக்டர் ஹார்ஸ்லி வீடு கட்டிக்கொண்ட இடம் அது. அங்கே குளிரும், ஆனால் உறையாது. அதே ஆந்திராவின் வடக்கே லம்பசிங்கி, சுமார் 1,000 மீட்டர்தான். அங்கே டிசம்பர், ஜனவரியில் வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்குகிறது. உயரம் குறைந்த ஊர் அதிகம் குளிர்வதற்கு இரண்டு காரணங்கள் தெரிகின்றன. லம்பசிங்கி வடக்கே தள்ளி இருப்பதால் நிலப்பகுதியிலிருந்து வரும் காய்ந்த காற்று அதற்கு அதிகம் கிடைக்கிறது. சித்தூர்ப் பக்கம் வங்காள விரிகுடாவின் ஈரம் குளிர்காலத்திலும் முழுக்க விலகுவதில்லை. ராயலசீமையில் குறைவது மழை, காற்றின் ஈரம் அந்த அளவுக்குக் குறைவதில்லை. இரண்டாவது காரணம் நிலத்தின் வடிவம். ஹார்ஸ்லி ஒரு மலைமுகடு, லம்பசிங்கி பள்ளம். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர்போல் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். நீலகிரியிலும் உறைபனிச் செய்திகளில் அடிபடும் பெயர்கள் தலைகுந்தா, காந்தள், அவலாஞ்சி போன்ற தாழ்வான இடங்கள்தான். 2,637 மீட்டர் தொட்டபெட்டா சிகரத்தின் பெயர் அவ்வளவாக வருவதில்லை. உயரமே எல்லாம் என்பவர்கள் இதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

நீலகிரியின் முகமே இந்த இரவுகளால் ஆனது என்றுகூடச் சொல்லலாம். மடிப்புகளில் அடர்ந்த சோலைக்காடு, அது முடிந்த கோட்டிலிருந்து திடீரென்று புல்வெளி. நடுவில் புதர், குட்டை மரம் என்ற இடைநிலை பெரும்பாலும் கிடையாது. வெப்பமண்டல மரக்கன்றுகளுக்கு உறைபனி ஆகாது. திறந்த வெளியில் முளைத்த கன்று முதல் குளிர்காலத்திலேயே கருகிவிடும். சோலைக்குள் விழுந்த விதை பிழைக்கும், ஏனென்றால் மேலே இருக்கும் இலைக்கூரை வானத்தை மறைத்துவிடுகிறது. பூங்காவில் மிலார் செய்யும் அதே வேலை. மனிதர்கள் தீ வைத்துக் காட்டை அழித்ததால் வந்த புல்வெளிதான் இது என்று வெகுகாலம் சிலர் வாதிட்டார்கள். அது வெறும் ஏட்டு விவாதமாக நிற்கவில்லை. புல்வெளியை வெற்று நிலமாக எண்ணித்தான் அதன்மேல் யூகலிப்டஸையும் வாட்டிலையும் நட்டுத் தீர்த்தார்கள். ஆய்வாளர் சுகுமாரும் அவருடன் பணியாற்றியவர்களும் நீலகிரியின் கரிச்சேற்று மண்ணில் கார்பன் விகிதங்களை அளந்து 1993இல் வெளியிட்ட ஆய்வு, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்ததைக் காட்டியது. தீயும் மேய்ச்சலும் எல்லைக்கோட்டை அங்கங்கே நகர்த்தியிருக்கலாம். ஆனால் புல்வெளியை மனிதன் உண்டாக்கினான் என்ற வாதம் அதற்குப் பிறகு நிற்கவில்லை.

பகல் பக்கத்தையும் பார்க்க வேண்டும். உதகையில் ஜனவரிப் பகலின் சராசரி உச்சம் சுமார் 20 டிகிரி. மே மாதத்தில் 22, 23. வித்தியாசம் அவ்வளவுதான். ஆண்டிலேயே குளிர்ந்த பகல்கள் ஜூலையில் வருகின்றன. தென்மேற்குப் பருவமேகம் கவிந்து 16, 17 டிகிரிக்கு மேல் ஏறவிடாது. இரவில் கதை தலைகீழ்: ஜூலை இரவு 11 டிகிரியை ஒட்டி நின்றுவிடும், ஜனவரி இரவு 5, 6க்குப் போகும். குஸ்கோவிலும் இதே படம்தான். ஜூலைப் பகல் ஜனவரிப் பகலைவிடக் குளிர்ந்ததல்ல, இரண்டும் 20 டிகிரியை ஒட்டியவை. இரவு மட்டும் 7 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கிவிடுகிறது. சூரியன் தாழ்ந்துவிட்டதால் வரும் குளிர்காலம் இது அல்ல. டிசம்பர் நடுவில்கூட உதகையில் உச்சிச் சூரியன் 55 டிகிரி உயரத்தில் நிற்கிறது. லண்டனில் அப்போது 15தான். தெளிந்த வானம் பகலில் கொடுப்பதையும் இரவில் பிடுங்குவதையும் ஒரே கையால் செய்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் மலைக்கு வந்ததும் இந்த வானத்துக்காகத்தான். சூரியப் புள்ளிகளின் ஓரங்களில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் அங்கே கண்டுபிடித்தது 1909 ஜனவரியில்.

பகலில் கொடுத்து இரவில் பிடுங்கும் வானத்தின் இந்த இரட்டைத் தன்மையை மனிதர்கள் எவ்வளவு நுட்பமாகப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு ஆண்டிஸ் உழவர்களின் சுன்யோ ஓர் உதாரணம். ஜூன், ஜூலையில் சிறு உருளைக்கிழங்குகளைத் திறந்த புல்வெளியில் பரப்பி வைப்பார்கள். இரவில் அது உறையும், பகல் வெயிலில் இளகும். இளகியதைக் காலால் மிதித்து நீரைப் பிழிந்துவிட்டு மறுபடி இரவுக்கு விடுவார்கள். சில நாளில் கல்போல் காய்ந்து, வருடக்கணக்கில் கெடாமல் இருக்கும். பொட்டோசி வெள்ளிச் சுரங்கங்களில் ஸ்பானியர்கள் வேலை வாங்கிய கூலிகளுக்குச் சாப்பாடு இதுதான். இரவு உறையாத ஊரிலும் இது நடக்காது, பகல் காயாத ஊரிலும் நடக்காது.

அப்படியானால் உதகைக்கு எல்லாரும் மே மாதத்தில் போவது ஏன்? சீசன் என்ற அந்தக் கணக்கை வகுத்தது சமவெளியின் வெயில், மலையின் வானம் அல்ல. சென்னையில் புழுங்கிய அதிகாரிகள் ஏப்ரலில் மூட்டை கட்டினார்கள். மலர்க் கண்காட்சியும் அந்த நாட்களுக்கே வந்து சேர்ந்தது. வெயிலுக்கு ஒதுங்குவதுதான் நோக்கம் என்றால் மே சரி. மலையைப் பார்ப்பது நோக்கம் என்றால், ஜனவரி பாதியிலிருந்து பிப்ரவரி கடைசிவரை போக வேண்டும். மழை ஜனவரிவரை இழுத்த ஆண்டில் உறைபனியும் தள்ளிப்போகும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். முந்தைய நாள் மாலை மேகமில்லாமல் காற்று அடங்கியிருந்தால், காலை ஆறரைக்குள் காந்தளிலோ தலைகுந்தாவிலோ நிற்கலாம். வெயில் ஏறி எட்டு மணி ஆகும்போது எல்லாம் உருகிவிடும். வெளுத்த புல்லின்மேல் நடக்கக் கூடாது, உறைந்த தாள் முறிந்து கால்தடம் பல நாள் கருப்பாக நிற்கும். ஸ்வெட்டர் காலைக்குத்தான் தேவை; பகலில் தொப்பியும் உதட்டுக்குக் கொஞ்சம் வெண்ணெயும். குஸ்கோவுக்கே போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடலோரத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். காய்ந்த காற்று மூச்சுவழியே உடம்பின் நீரையும் இழுத்துக்கொள்ளும். முதல் இரண்டு நாள் படி ஏறுவதைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்ட வேண்டும். உதகையில் அந்தக் கவலை இல்லை.