இரவுச் சமையலின் கணக்கு

நாட்டு வருமானம் குறித்த பாடத்தைத் தொடங்கும்போதெல்லாம் வகுப்பில் ஓர் எடுத்துக்காட்டைக் கூறுவது என் வழக்கம். தனியாக வாழும் ஒருவர், தம் வீட்டில் சமைக்கும் பெண்ணுக்கு மாத ஊதியம் தருகிறார். அது நாட்டு வருமானத்தில் சேர்கிறது. பின்னர் அந்தப் பெண்ணையே அவர் மணந்துகொள்கிறார். அதே அடுப்பு, அதே சமையல். ஊதியம் மட்டும் நின்றுவிடுகிறது. உடனே நாட்டு வருமானமும் குறைந்துவிடுகிறது! ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் பிகு சுட்டிக்காட்டிய முரண் இது. மாணவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படிச் சிரித்துவிட்டு வீடு திரும்பி, பரிமாறப்பட்ட இரவு உணவை உண்டு எழுந்திருக்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற மறு ஆண்டு, என் மனைவி வழுக்கி விழுந்ததில் அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பகல் உணவுக்கு அருகிலிருந்த மெஸ்ஸில் ஏற்பாடு செய்தேன். இரவு உணவைக் கைப்பேசிச் செயலி மூலம் வரவழைத்தேன். இரண்டு வாரங்கள் கடந்தபோது மூன்று உண்மைகள் புலப்பட்டன: செலவு கூடியிருந்தது, உணவில் எண்ணெயும் உப்பும் மிகுந்திருந்தன, இருவருக்கும் இரவில் தாகம் எடுத்துத் தூக்கம் கலைந்தது. ஒருவர் ஒரு நாளில் உண்ணும் உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வெளியில் வாங்கும் உணவில் அந்த அளவு நம் கையில் இல்லை.

ஆகவே, அறுபத்தொரு வயதில் அடுப்படிக்குள் நுழைந்தேன். முதலில் கற்றுக்கொண்டது கோதுமை ரவைக் கிச்சடி. ஒரு தம்ளர் கோதுமை ரவை, வறுத்த பாசிப்பருப்பு கால் தம்ளர், கேரட், பீன்ஸ், தக்காளி, மூன்றரைத் தம்ளர் நீர். கடுகு, சீரகம், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, எல்லாவற்றையும் குக்கரில் இட்டு மூன்று விசில் விட்டால் போதும். பாசிப்பருப்பை ஊறவைக்க வேண்டியதில்லை. மூடிய குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் நீரின் கொதிநிலை ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வரை உயர்கிறது. பருப்பு விரைந்து வேகும் மர்மம் அதுதான். தானியத்தின் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் பருப்பில் நிறைந்திருக்கிறது. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் தானியத்தில் இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதால், எளிய கிச்சடியே நிறைவான உணவாகிவிடுகிறது.

பழக்க தோஷம், நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதினேன். இருவருக்கான கிச்சடிக்கு, எரிவாயு உட்பட, சுமார் 45 ரூபாய். செயலியில் வரவழைத்த உணவுக்குச் சராசரியாக 260 ரூபாய். ஒரு வேளைக்கு 215 ரூபாய் மிச்சம் என்று பெருமையுடன் மனைவியிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்க நேரத்துக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க?"

பொருளியலில் முனைவர் பட்டம் பெற்றவனிடம் அதற்கு விடையில்லை. ஒரு வேலையைக் கூலி கொடுத்துப் பிறரைக் கொண்டு செய்விக்க முடியுமானால் அதுவும் உற்பத்தியே என்று அமெரிக்கப் பொருளியல் அறிஞர் மார்கரெட் ரீட் 1934-லேயே எழுதினார். ஓர் உணவின் உண்மையான விலை, பொருள்களின் விலையோடு அதற்குச் செலவாகும் நேரத்தின் விலையும் சேர்ந்ததே என்று கேரி பெக்கர் 1965-ல் விளக்கினார். இரண்டையும் பாடமாக நடத்திய நான், என் வீட்டுக் கணக்கில் உழைப்புக்குச் சுழியம் எழுதியிருந்தேன்.

திருத்தி எழுதினேன். ஒரு மணி நேர உழைப்புக்கு 100 ரூபாய் என வைத்துக்கொள்வோம். கிச்சடிக்கு 40 நிமிடம், 67 ரூபாய். மொத்தம் 112 ரூபாய். இப்போதும் வீட்டுச் சமையலே மலிவு. ஆனால், இரண்டு கறி, சாம்பார், சப்பாத்தி என்று ஒன்றரை மணி நேரம் அடுப்படியில் நின்றால்? பொருள்களுக்கு 80, உழைப்புக்கு 150, ஆக 230 ரூபாய். கடை உணவுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. 'வீட்டுச் சாப்பாடு மலிவு' என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவந்தது, பெண்ணின் நேரத்துக்கு விலையில்லை என்று கருதியதால்தான்.

2019-ல் நடத்தப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு இதை எண்களில் காட்டியது. ஊதியமில்லா வீட்டுவேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் ஏறத்தாழ 81 சதவீதம். ஆண்கள் 26 சதவீதம். அவ்வாறு ஈடுபட்டோரில் பெண்கள் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். 2024 ஆய்விலும் இது 289 நிமிடம், 88 நிமிடம் என்றே இருக்கிறது. ஐந்தாண்டுகளில் இடைவெளி ஏறக்குறைய அப்படியே நிற்கிறது.

இந்த எண்களுக்குள் அடங்காத உழைப்பும் உண்டு. ஒரு மாலை, "இன்று என்ன சமைக்கட்டும்?" என்று கேட்டேன். மனைவி சொன்னார்: "செய்யறது கஷ்டமில்லைங்க. என்ன செய்யறதுன்னு தினமும் யோசிக்கிறதுதான் கஷ்டம். அதையும் என்கிட்டயே கேட்டா எப்படி?" அன்றிரவே ஏழு நாளுக்கும் பட்டியல் எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். கிச்சடி, மிளகு ரசமும் சுட்ட அப்பளமும், கீரைக் கடைசல், அவல் உப்புமா, தோசை, எலுமிச்சை சேவை, பாசிப்பயறுக் கஞ்சியும் துவையலும். எதற்கும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

கட்டுப் பிரித்து நான்கு ஆண்டுகளாகின்றன. இரவுச் சமையல் இன்னும் என் பொறுப்பிலேயே இருக்கிறது. உப்புக் கூடிய நாள்களும் உண்டு. அடிப்பிடித்த நாள்களும் உண்டு. அந்த நேரத்தில் என் மனைவி, பல ஆண்டுகளாக எடுத்து வைத்துப் படிக்காமல் விட்ட நாவல்களைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் சமைத்து உண்பது உடலுக்கு நல்லது, சிக்கனமானது என்று அறிவுரை கூறுவோர் அந்தச் சமையலைச் செய்யப்போவது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரவு உணவு எளிமையாக இருக்க வேண்டியதற்கு வயிறு மட்டும் காரணமன்று. எளிய சமையலைத்தான் வீட்டில் யாரும் கற்றுக்கொள்ள முடியும். யாரும் கற்றுக்கொள்ள முடிவதைத்தான் பகிர்ந்துகொள்ள முடியும். பட்டப் படிப்பு முடித்து வேலைக்குச் செல்லும் மகனுக்கு நாம் வாங்கித் தரும் பொருள்களில் ஒரு சிறிய குக்கரும் இருக்கட்டும். அதில் கிச்சடி செய்யவும் அவன் கற்றிருக்கட்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு)