லோகோவைச் சுற்றி வெள்ளைப் பெட்டி வருவது ஏன்? வீடியோவில் ‘டிரான்ஸ்பரன்சி’ தொலையும் இடங்கள்

விடிந்தால் கிளையன்ட்டுக்கு வீடியோ போக வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு ரெண்டர் முடிகிறது. திறந்து பார்த்தால் லோகோவைச் சுற்றி ஒரு வெள்ளைப் பெட்டி. இல்லையென்றால், நிழல் விழ வேண்டிய இடத்தில் அழுக்குச் சாம்பல் திட்டு. அதுவும் இல்லையென்றால், எழுத்தின் ஓரமெல்லாம் பென்சிலால் கோடு இழுத்ததுபோல ஒரு கறுப்பு விளிம்பு. ‘இல்லஸ்ட்ரேட்டர்ல நல்லாத்தானே இருந்துச்சு!’ என்று தலையில் கை வைக்காத மோஷன் கிராஃபிக்ஸ் டிசைனர் அபூர்வம்.

மூன்றும் வேறு வேறு கோளாறுபோலத் தெரியும். ஆனால், வேர் ஒன்றுதான். டிரான்ஸ்பரன்சி என்றால் ‘அங்கே எதுவும் இல்லை’ என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஒரு தகவல். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கை மாறும்போது அந்தத் தகவலும் கூடவே போக வேண்டும். எங்கே அது இறங்கிவிடுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நான்காவது எண்

திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. நான்காவதாக ஒரு எண் சேர்ந்தால் அதுதான் ஆல்பா. சாதாரண 8 பிட் படத்தில் ஆல்பா 0 என்றால் அந்தப் புள்ளி கண்ணுக்கே தெரியாது. 255 என்றால் பின்னால் இருப்பதை முழுவதும் மறைக்கும். நடுவில் இருந்தால் பாதி தெரியும், பாதி மறையும்.

1970-களின் பிற்பகுதியில் நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும் உருவாக்கிய யோசனை இது. 1984-ல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் இருவரும் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதற்கான கணக்கை ஒரு கட்டுரையில் வகுத்துக் கொடுத்தார்கள். ஆஸ்கர் வழங்கும் அகாடமி இந்த நால்வருக்கும் 1996-ல் தொழில்நுட்ப விருது அளித்தது.

வெக்டர் படத்தில் புள்ளிகளே கிடையாது. ‘இந்த வட்டம், இந்த நிறம், 60% ஒபாசிட்டி’ என்று குறிப்பாகத்தான் இருக்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் அதைப் புள்ளிகளாக மாற்றும்போது அந்தக் குறிப்பு ஆல்பாவாக மாறுகிறது.

கிளம்பும் இடத்திலேயே கவனம்

இல்லஸ்ட்ரேட்டரில் ஆர்ட்போர்டு வெள்ளையாகத் தெரியும். அது வெறும் காட்சிதான். உண்மையில் அங்கே நிறமே இல்லை. ஆனால், யாராவது பேக்ரவுண்டுக்காக வெள்ளைச் செவ்வகம் ஒன்றை வரைந்து வைத்திருந்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டி அழுத்துங்கள் (மேக்கில் கமாண்ட் + ஷிஃப்ட் + டி). சதுரங்கக் கட்டம் தெரிந்தால் காலி இடம். வெள்ளையாகவே இருந்தால் செவ்வகம் ஒளிந்திருக்கிறது. வெள்ளைப் பெட்டிப் பிரச்சினை பல நேரம் இங்கேயே முடிந்துவிடும்.

‘ராஸ்டரைஸ்’ கட்டளை கொடுக்கும்போதும் பேக்ரவுண்ட் ‘ஒயிட்’டா, ‘டிரான்ஸ்பரன்ட்’டா என்று கேட்கும். அவசரத்தில் ஓகே தட்டினால் வெள்ளை ஒட்டிக்கொள்ளும்.

சேமிக்கும்போது ஏஐ கோப்பாகவே சேமியுங்கள். ‘கிரியேட் பிடிஎஃப் கம்பேட்டிபிள் ஃபைல்’ டிக் இருக்கட்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் படிப்பது அந்த பிடிஎஃப் பகுதியைத்தான். டிக் எடுத்துவிட்டால் படத்துக்குப் பதிலாக ‘பிடிஎஃப் உள்ளடக்கம் இல்லாமல் சேமிக்கப்பட்டது’ என்ற அறிவிப்புதான் வந்து நிற்கும். கலர் மோடு ஆர்ஜிபி-யாக இருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிஎம்ஒய்கே அச்சுக்கானது.

லோகோவை வாட்ஸ்அப்பில் வாங்குகிறீர்களா? பிஎன்ஜி படத்தை போட்டோவாக அனுப்பினால் அது ஜேபிஜி ஆகிவிடும். ஜேபிஜி-யில் ஆல்பாவுக்கு இடமே இல்லை. ‘டாக்குமென்ட்டா அனுப்புங்க சார்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இறக்கும்போது

ஏஐ கோப்பை இறக்கினால் காலி இடங்களை ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் தானாகவே ஆல்பாவாக எடுத்துக்கொள்ளும். காம்போசிஷனில் தெரியும் கறுப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது பின்திரை மட்டுமே. பிரிவியூவின் கீழே உள்ள டிரான்ஸ்பரன்சி கிரிட் பட்டனை அழுத்தினால் உண்மை தெரியும்.

லேயர்களைத் தனித்தனியாக அசைக்க வேண்டும் என்றால் ‘காம்போசிஷன் – ரீடெய்ன் லேயர் சைஸஸ்’ என்று இறக்குங்கள். மேல்மட்ட லேயர்கள் மட்டும்தான் தனியாக வரும். குரூப்புக்குள் இருப்பவற்றை முன்பே ‘ரிலீஸ் டு லேயர்ஸ்’ கொடுத்துப் பிரித்து, மேலே இழுத்து வைத்துவிட வேண்டும்.

நிழல் ஏன் அழுக்காகிறது?

சிவப்புச் சட்டையில் மடிப்பு காட்ட, வெளிர் சாம்பல் நிறத்தை ‘மல்டிப்ளை’ மோடில் வைத்திருப்பீர்கள். அடியில் உள்ள சிவப்போடு பெருகி, அது அடர்சிவப்பாகத் தெரியும். அந்த நிழலை மட்டும் தனி லேயராகப் பிரித்துக் கொண்டுவந்தால் அடியில் பெருக எதுவும் இல்லை. ஆல்பா சொல்வது ‘எவ்வளவு தெரிய வேண்டும்’ என்பதை மட்டும்தான். ‘எப்படிக் கலக்க வேண்டும்’ என்பதை அதனால் சொல்ல முடியாது. அதனால்தான் சட்டைமேல் சாம்பல் திட்டு.

தீர்வு சுலபம். எஃப்4 அழுத்தி மோட்ஸ் பகுதியைத் திறந்து, அந்த லேயர் மல்டிப்ளையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே வையுங்கள். நிழலைத் தனியாக அசைக்கத் தேவையில்லை என்றால் சட்டையோடு ஒரே லேயரிலேயே விட்டுவிடலாம்.

இன்னொரு கண்ணி ‘கிரியேட் ஷேப்ஸ் ஃப்ரம் வெக்டர் லேயர்’. பாதைகளை அசைக்க அருமையான வசதிதான். ஆனால், ஒபாசிட்டி, கிரேடியன்ட், உள்ளே வைத்த படங்கள் எல்லாம் இந்த மாற்றத்தில் தப்பாமல் வரும் என்று உத்தரவாதம் இல்லை. பெரிதாக்கினால் உடையாமல் இருப்பது மட்டுமே தேவையென்றால் இதைத் தொட வேண்டாம். லேயரில் சூரியன்போல இருக்கும் ‘கன்டினியூயஸ்லி ராஸ்டரைஸ்’ சுவிட்சைப் போட்டாலே போதும்.

கறுப்புக் கோட்டின் கணக்கு

ஆல்பாவோடு நிறத்தைச் சேமிக்க இரண்டு வழிகள். ‘ஸ்ட்ரெய்ட்’ முறையில் நிறம் தனி, ஆல்பா தனி. ‘ப்ரீமல்டிப்ளைட்’ முறையில் நிறம் ஏற்கெனவே ஆல்பாவால் பெருக்கப்பட்டு, பெரும்பாலும் கறுப்போடு கலந்து இருக்கும்.

வெள்ளை எழுத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி. அதன் ஆல்பா 50%. ஸ்ட்ரெய்ட்டில் அதன் மதிப்பு 255. ப்ரீமல்டிப்ளைட்டில் சுமார் 128. இந்த 128-ஐ ஸ்ட்ரெய்ட் என்று தவறாக எடுத்துக்கொண்டால் மென்பொருள் அதை மறுபடியும் பாதியாக்கும். வெள்ளைச் சுவர்மேல் வைத்தால் 255 வர வேண்டிய இடத்தில் சுமார் 191 வரும். வெள்ளையின்மேல் வெள்ளை வைத்தும் சாம்பல் கோடு! அடியில் உள்ள நிறத்தைப் பொறுத்து அதுவே கறுப்பு விளிம்பாகவும் தெரியும்.

கோப்பின்மேல் ரைட் கிளிக் செய்து, ‘இன்டர்பிரெட் ஃபுட்டேஜ் – மெயின்’ போய், இரண்டில் எது என்று மாற்றிப் பாருங்கள். படத்தை மறுபடி வரையத் தேவையில்லை.

கடைசி வாசல்

எல்லாம் சரியாகச் செய்து, கடைசியில் வழக்கமான எச்.264 எம்பி4-ஆக ரெண்டர் செய்தால் அதில் ஆல்பா போகாது. டிரான்ஸ்பரன்ட் வீடியோ வேண்டுமென்றால் குயிக்டைமில் புரோரெஸ் 4444 எடுங்கள். புரோரெஸ் 422 எச்க்யூ தரமானதுதான், ஆனால் ஆல்பா கிடையாது. அவுட்புட் மாட்யூலில் சேனல்ஸ் ‘ஆர்ஜிபி’ என்றே இருந்தால் 4444-ம் கைகொடுக்காது. ‘ஆர்ஜிபி + ஆல்பா’ என்று மாற்ற வேண்டும். இணையதளத்துக்கு என்றால் விபி9 வெப்எம் ஆல்பாவைத் தாங்கும். ஆப் அனிமேஷனுக்கு லாட்டி இருக்கிறது. அதில் நீங்களாக வைத்தால் ஒழிய பேக்ரவுண்டே இருக்காது.

அனுப்பும் முன் ஒரு நிமிடச் சோதனை: ரெண்டர் ஆன கோப்பைத் திரும்ப இறக்கி, அடியில் ஒருமுறை வெள்ளை, ஒருமுறை கறுப்பு, ஒருமுறை பளிச்சென்ற பச்சை சாலிட் வைத்துப் பாருங்கள். பெட்டி, திட்டு, கோடு எதுவானாலும் மூன்றில் ஒன்றில் மாட்டிக்கொள்ளும். கிளையன்ட் கண்டுபிடிப்பதற்கு முன் நாம் கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கலாம்.