குடிப்பது அதிகம், ஓட்டம் கொஞ்சம்

கறுப்புப் புகை, மந்தமான இழுவை: காரின் இந்த நோய்க்கு விலை உயர்ந்த மருந்துகள் பல உண்டு. ஆனால் காரணம் பல நேரங்களில் மலிவானது.

மேம்பாலம் ஏறும்போதுதான் வண்டியின் நிலைமை தெரிகிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் முனகுகிறது, வேகம் ஏறவில்லை. பின்னால் கறுப்புப் புகை. டாங்க் நிரப்பிய நாலாம் நாளே முள் கீழே இறங்கிவிடுகிறது. பானெட்டைத் திறந்து பார்க்கும் மெக்கானிக் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: 'ரிச்.' அதாவது, காற்றோடு கலக்கும் பெட்ரோல் அளவு மீறிவிட்டது.

தீர்ப்பு பெரும்பாலும் சரியானதுதான். சிக்கல், அதைத் தொடர்ந்து வரும் சிகிச்சையில். ஆக்ஸிஜன் சென்சார், இன்ஜெக்டர், கடைசியில் கம்ப்யூட்டர் என்று பாகங்கள் ஒவ்வொன்றாக மாற்றப்படுகின்றன. பில் ஏறுகிறது. புகை மட்டும் நிற்பதில்லை.

அடிப்படைக் கணக்கு எளிமையானது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். முழு வேகத்தில் இழுக்கும்போது பெட்ரோல் சற்றுக் கூடுதலாக, அதாவது 12.5 அல்லது 13 கிலோ காற்றுக்கு ஒரு கிலோ என்ற விகிதத்தில் இருந்தால் நல்லது. அதற்கும் மேலே போனால் பெட்ரோல் இருக்கும், எரிக்கக் காற்று இருக்காது. எரியாத மிச்சம் கரியாகி பிளக்கில் படிகிறது, சைலன்சர் வழியே வெளியேறுகிறது. தீனி கூடினால் பலம் கூடும் என்பது இன்ஜின் விஷயத்தில் ஓர் எல்லை வரைதான் உண்மை.

அம்பாசடர், பத்மினி, 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 எல்லாம் கார்புரேட்டரை நம்பி ஓடிய காலத்தில் சந்தேகப் பட்டியல் சிறியது. சிக்கிக்கொண்ட சோக், ஓட்டை விழுந்த ஃப்ளோட், தேய்ந்த நீடில், அகன்றுபோன ஜெட், வட இந்தியக் கோடைப் புழுதி அடைத்த ஏர் ஃபில்டர். இவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. எதுவுமே கெடாமல் வண்டி ரிச்சாக ஓடியதும் உண்டு. மணாலியிலிருந்து லே போகும் சாலையில் 3,978 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ரோதாங் கணவாய். அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கார்புரேட்டருக்கு உயரம் தெரியாது. சமவெளிக் கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றும். மலையேறிய வண்டிகள் புகை கக்கித் திணறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் விற்கப்படும் புதிய கார்களுக்கு கேடலிடிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. 1999இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, தலைநகர் வட்டாரத்துக்கு யூரோ-2 விதிமுறையை 2000 ஏப்ரலிலிருந்து கொண்டுவந்தது. கார்புரேட்டர் விடைபெற, எம்.பி.எஃப்.ஐ. முறை வந்தது. பெட்ரோலை அளந்து கொடுக்கும் வேலை கம்ப்யூட்டரிடம் போனது.

கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. சென்சார்கள் சொல்வதை அப்படியே நம்புகிறது. அவை பொய் சொன்னால், தவறான தகவலுக்குச் சரியான பெட்ரோலைக் கணக்கிட்டுக் கொடுக்கிறது. ஆகவே, இன்று ரிச் பிரச்சினையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்தப் பாகம் கெட்டது என்பதல்ல. கம்ப்யூட்டரிடம் பொய் சொல்வது யார் என்பதுதான்.

நம் நாட்டுக்கே உரிய ஒரு பொய் தெர்மோஸ்டாட்டில் தொடங்குகிறது. இன்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் சின்ன வால்வு இது. 'வெயில் நாட்டில் இது எதற்கு?' என்று பல பட்டறைகளில் அதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் உண்டு. விளைவு? குளிர்காலத்தில், குறிப்பாக நெடுஞ்சாலையில், இன்ஜின் தன் வழக்கமான சூட்டை எட்டுவதே இல்லை. வண்டி இப்போதுதான் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கிறது. வெப்பநிலை சென்சாரின் ஒயர் அறுந்தாலும் இதே கதைதான். மே மாத தில்லியில் நிற்கும் இன்ஜினை மைனஸ் 40 டிகிரியில் இருப்பதாக அது காட்டக்கூடும்.

இரண்டாவது பொய், ரப்பர் குழாயில். பல கார்களில் உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் சென்சார் ஒரு சிறு குழாயால் இணைக்கப்பட்டிருக்கும். குழாய் வெடித்தாலோ கழன்றாலோ, சும்மா நிற்கும் வண்டி மேடு ஏறிக்கொண்டிருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைத்துவிடும்.

மூன்றாவதுதான் விசித்திரமானது. ஆக்ஸிஜன் சென்சார் அளப்பது பெட்ரோலை அல்ல, புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை. ஒரு பிளக் சரியாகப் பொறி விடாவிட்டால் அந்த சிலிண்டரின் காற்று எரியாமலே வெளியேறும். சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் விரிசல் இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். இரண்டிலும் சென்சார் பார்ப்பது ஆக்ஸிஜனை மட்டுமே. 'பெட்ரோல் போதவில்லை' என்று அது சொல்ல, கம்ப்யூட்டர் மேலும் ஊற்றுகிறது. சென்சார் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. ஆனால் முதலில் மாற்றப்படுவதும் அதுதான்.

ஸ்கேனர் இருக்கிறதே என்று கேட்கலாம். பி 0172 என்ற குறியீட்டை அது காட்டினால் 'கலவை ரிச்' என்று பொருள். அது நோயின் பெயர்தான், காரணம் அல்ல. உண்மையான தடயம் அதே ஸ்கேனரில் 'ஃப்யூயல் ட்ரிம்' என்ற எண்ணில் இருக்கிறது. மைனஸ் 15, மைனஸ் 20 என்று வந்தால், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைக்கப் பாடுபடுகிறது. ஆனால் அதன் கணக்குக்கு வராத பெட்ரோல் எங்கிருந்தோ நுழைகிறது, அல்லது உள்ளே வரும் காற்றை ஏதோ ஒரு சென்சார் அதிகமாகக் காட்டுகிறது. ஒழுகும் இன்ஜெக்டர், பிரஷர் ரெகுலேட்டர், முன்பு சொன்ன குழாய் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். புகை கறுப்பாக இருக்க எண் பிளஸ்ஸில் இருந்தால், ஊற்றுவது கம்ப்யூட்டரேதான். புகைக்குழாயையும் பிளக்கையும் பார்க்க வேண்டும். இந்த ஓர் எண்ணைப் படித்துவிட்டால் பாதி சந்தேகங்கள் தீர்ந்துவிடும்.

தாமதத்துக்கு விலை உண்டு. எரியாத பெட்ரோல் கேடலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடும். உருகியது வழியை அடைத்தால் இழுவை மேலும் குறையும். சிலிண்டர் சுவரில் வழியும் பெட்ரோல், ஆயிலோடு கலந்து அதன் வழுக்கலைக் கெடுக்கும். புகைச் சான்றிதழும் கிடைக்காது. பழைய கார்களுக்கு 3 சதவீதமாக இருந்த கார்பன் மோனாக்சைடு வரம்பு, பாரத் ஸ்டேஜ்-2 கார்களுக்கு 0.5 சதவீதமானது. சான்றிதழ் இல்லாத வண்டிக்கு, 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம்.

எத்தனால் கலந்த பெட்ரோல்மீது பழி போடுவது புதிய வழக்கம். எத்தனாலால் மைலேஜ் குறையும் என்பது உண்மை. ஆனால் எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அது கலவையை ரிச் ஆக்காது, எதிர்த்திசையில்தான் தள்ளும். கறுப்புப் புகைக்குக் காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

செலவில்லாத சோதனைகள்

* பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் ஆரோக்கியம். காய்ந்த கரி என்றால் ரிச். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் நோய் வேறு.

* புகையின் நிறம்: கறுப்பு பெட்ரோல், நீலம் ஆயில். சூடான பிறகும் விடாத வெள்ளை, கூலன்ட்.

* ஆயில் அளவுக் கம்பியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்ற வேண்டும். ஆனால் காரணத்தைச் சரிசெய்த பிறகு.

* இன்ஜின்மீதே பிரஷர் ரெகுலேட்டர் உள்ள பழைய எம்.பி.எஃப்.ஐ. கார்களில், அதன் வேக்குவம் குழாயை உருவிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டர் கிழிந்துவிட்டது.

* இருபது நிமிடம் ஓட்டியும் வெப்பமானி முள் அடியிலேயே கிடந்தால், தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இவற்றைச் செய்து முடிக்க அரை மணி நேரம் போதும். அதற்கு முன்பே புதிய சென்சார் வாங்கச் சொல்லும் பட்டறையில், கழற்றிய பாகம் கெட்டுவிட்டது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பதில் தவறில்லை. கேள்விக்குப் பதில் இருந்தால் பணம் கொடுக்கலாம். இல்லையென்றால் சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.